கேமரா பாடியை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள், விடுமுறை நாளில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், இப்போதுதான் கேமரா பிடிக்கத் தொடங்கியவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடி என்று நான் சொல்வது லென்ஸ் நீங்கலான கேமராவை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் கையில் கேனான் அல்லது நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர், அதாவது பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமரா) இருப்பதால் உதாரணங்களும் அவற்றிலிருந்தே வருகின்றன.

சார், கேமரா வாங்கி ஏழு வருடம் ஆகிவிட்டது. மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

வருடக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏழு வருடத்துக்கு முன் எப்படிப் படம் எடுத்ததோ அப்படியேதான் அது இன்றும் எடுக்கும். எந்த இடத்தில் அது உங்களைக் கைவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக எடுத்த சில வேலைகளில் நீங்கள் ஒதுக்கித் தள்ளிய படங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கை ஆடியது, ஆள் அசைந்தது, ஃபோகஸ் தவறியது, வெளிச்சம் போதவில்லை, ஒளி வந்த திசை சரியில்லை, சரியான கணம் தப்பியது, பின்னணி கெடுத்தது. இவற்றில் ஃபோகஸ் தவறுவதைப் புது பாடி பெருமளவு குறைக்கும்; சென்சாரே அசைந்து ஈடுகட்டும் வசதி அதில் இருந்தால் கை ஆடுவதையும் குறைக்கும். மற்றவை லென்ஸ், ஃபிளாஷ், பயிற்சி ஆகியவற்றின் பக்கம் போக வேண்டியவை. கீழே பல பதில்களில் இந்தத் தாளையே உங்களுக்குத் திரும்பவும் காட்டுவேன். அதனால் முதலில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். பாடியா, லென்ஸா?

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் மட்டுமே வைத்திருந்தால் லென்ஸ்தான். 18-55 கிட் லென்ஸை 55-க்குக் கொண்டுபோனால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மண்டபத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400, ஷட்டர் 1/60 நொடி என்று திணறிக்கொண்டிருந்தவர், அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/125 என்று எடுக்கலாம். அதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

லென்ஸின் எஃப் எண் மாறாமல், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடிக்குப் போனால் எவ்வளவு லாபம்? சென்சாரின் பரப்பளவுதான் கணக்கு. கேனானில் சுமார் 2.6 மடங்கு, நிக்கானில் சுமார் 2.4 மடங்கு. பல மடங்கு பணம் கொடுத்துக் கால்பங்கு பலனை வாங்குவது ஏன்? லென்ஸுக்கு அடுத்து ஒரு நல்ல ஃபிளாஷ். அதைக் கூரையிலோ சுவரிலோ திருப்பி அடிக்கப் பழகிவிட்டால் தாளில் பாதி வரிகள் மறைந்துவிடும்.

நல்ல எஃப் 2.8 ஜூமும் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்கள் ஒன்றிரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன, தாள் முழுக்க "ஃபோகஸ் தவறியது" என்றே எழுதியிருக்கிறது என்றால், உங்களுக்குப் பாடிதான் தேவை.

24 மெகாபிக்சல் இனிமேல் போதாதாமே? 45, 61 என்றெல்லாம் வருகிறதே.

24 மெகாபிக்சல் என்பது 6000 x 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். கல்யாண ஆல்பத்தில் 12 x 36 ஷீட் முழுவதற்கும் ஒரே படத்தை விரித்தால்கூட அங்குலத்துக்கு 167 புள்ளிகள் கிடைக்கும். மடியில் வைத்துப் புரட்டுகிறவர் கண்ணுக்கு அதில் குறை தெரியாது.

24-லிருந்து 33-க்குப் போவது எண்ணில் பெரிதாகத் தெரிகிறது. அகலத்தில் பார்த்தால் 6000 புள்ளி 7008 ஆகிறது, அதாவது 17 சதவீதம். தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிதாக்க வேண்டியவருக்கும் அருகில் நின்று பார்க்கும் பெரிய அச்சுக்கு எடுப்பவருக்கும் கூடுதல் மெகாபிக்சல் உதவும். மற்றவர்களுக்கு அது ஹார்ட் டிஸ்க்கை நிரப்பும், கணினியை மெதுவாக்கும்.

புது சென்சார் என்றால் நாய்ஸ் (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) குறையும் இல்லையா?

எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. மங்கலான இடத்தில் வரும் நாய்ஸில் பெரும்பகுதி கேமராவின் குறையால் வருவதில்லை. ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்தால், லேசான தூறலில் ஒன்றில் நான்கு துளி விழும், பக்கத்தில் ஏழு துளி விழும். கொட்டும் மழையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிறையும். சென்சாரின் பிக்சல்களுக்கும் அதே நிலைதான். அதிக ஒளியைச் சேர்ப்பது தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. 2014-இல் வந்த நிக்கான் டி750-யின் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இன்றைய 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்றின் ஃபைலோடு ஒரே ஐஎஸ்ஓ-வில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கும், அதற்காக ஒரு பாடி வாங்கும் அளவுக்கு இருக்காது.

நாய்ஸில் பெரிய மாற்றம் மென்பொருளில்தான் நடந்திருக்கிறது. 2023-இல் லைட்ரூமில் வந்த செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸ் வசதி, பழைய கேமராவின் ரா ஃபைல்களையும் நன்றாகச் சுத்தம் செய்கிறது. ஜேபெக்கில் மட்டும் எடுக்கும் வழக்கம் இருந்தால் ராவுக்கு மாறுங்கள். அதற்குச் செலவில்லை.

அப்படியானால் புது பாடியில் என்னதான் மாறியிருக்கிறது?

ஆட்டோஃபோகஸ். இதை முழுமனதோடு சொல்கிறேன்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டு, அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. அதில் இருக்கும் புள்ளிகள் குறைவு. கேனான் 1500டி-யில் 9 புள்ளிகள். டி750-யில் 51 புள்ளிகள் இருந்தாலும் அவை நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. அதனால் ஃபிரேமின் ஓரம்வரை ஃபோகஸ் எட்டும். முகம், கண், பறவை, விலங்கு எது என்று கேமராவே அடையாளம் கண்டு பின்தொடரும்.

முகூர்த்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். மணமகன் குனிந்து தாலி முடிச்சுப் போடுகிறார். மணமகளின் முகம் மாலைக்குள் பாதி மறைந்திருக்கிறது. மூன்றாவது முடிச்சுக்காக நாத்தனாரின் கைகள் பின்னாலிருந்து நீளுகின்றன. கெட்டிமேளம் முழங்க நான்கு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. நீங்களோ இரண்டு உறவினர் தோள்களுக்கு நடுவே கேமராவை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். டிஎஸ்எல்ஆரின் நடுப்புள்ளி மாலையின் ரோஜாவையோ முன்னால் வந்த கையையோ பிடித்துக்கொள்ளும். எஃப் 1.8-இல் அந்த அரை அடி வித்தியாசம் போதும், கண் மங்கிவிடும். கண்ணைப் பின்தொடரும் கேமரா, கை குறுக்கே வந்து விலகியதும் மறுபடி கண்ணையே தேடிப் பிடிக்கிறது. எல்லா ஃபிரேமிலும் சரியாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கையில் நிறையப் படங்கள் இருக்கும். கூந்தன்குளத்தில் கூட்டை நோக்கி இறங்கும் மஞ்சள் மூக்கு நாரையை எடுப்பவருக்கும் இதே பலன்தான். கிளைகளில் ஃபோகஸ் சிக்கிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஃபோகஸ் அடிக்கடி தவறுகிறது. கோளாறு கேமராவிலா, என் கையிலா?

வீட்டிலேயே சோதிக்கலாம். கேமராவை டிரைபாடில் நிறுத்துங்கள். சுவரில் ஒரு காலண்டர் தாள், பக்கத்தில் சாய்த்து வைத்த ஓர் அளவுகோல். லென்ஸை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வியூஃபைண்டர் வழியே சில படங்கள், லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) சில படங்கள் எடுங்கள்.

லைவ் வியூவில் கூர்மையாகவும், வியூஃபைண்டரில் எப்போதும் ஒரே பக்கமாக விலகியும் வந்தால், மேலே சொன்ன தனி ஃபோகஸ் சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கேனான் 80டி, 5டி மார்க் 4, நிக்கான் டி750 போன்றவற்றில் மெனுவிலேயே திருத்தம் செய்யலாம். 1500டி, டி5600 போன்றவற்றில் அந்த வசதி இல்லை. சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் கூர்மையாக வந்து, வேலையில் மட்டும் மங்கினால், ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நடந்துவரும் ஆளுக்கு 1/60 போதாது. அதற்குப் புது பாடி தேவையில்லை.

டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டது என்கிறார்கள். உடனே விற்றுவிடவா?

புது டிஎஸ்எல்ஆர்கள் வரும் காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. 2020-இல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் கேனானின் கடைசி முதன்மை டிஎஸ்எல்ஆர் என்று அந்நிறுவனத்தின் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். உங்கள் கையில் இருக்கும் கேமரா அதனால் நின்றுவிடாது. அவசரப்பட்டு விற்றால் நஷ்டம் உங்களுக்கு.

இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஒரு காலத்தில் எட்ட முடியாமல் இருந்த 5டி மார்க் 4, டி750, டி850 எல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வெகுவாக விலை இறங்கிவிட்டன. 1500டி வைத்திருந்து, ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களும் சேர்த்திருப்பவருக்கு அவை நல்ல ஏற்றம்.

என்னிடம் இருக்கும் பழைய லென்ஸ்கள் புது பாடியில் வேலை செய்யுமா?

கேனானில் கவலையே வேண்டாம். 1987-இல் வந்த, டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் இஎஃப் மவுண்ட்டில் (லென்ஸை மாட்டும் வளையம்) லென்ஸிலிருந்து சென்சாருக்கு 44 மில்லிமீட்டர் தூரம். 2018-இல் வந்த, மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் மவுண்ட்டில் 20 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் 24 மில்லிமீட்டரை நிரப்பும் ஒரு குழாய்தான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, தரம் குறையாது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: 18-55 போன்ற, சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேம் பாடியில் போட்டால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் பயன்படும். கேனானின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸான ஆர்6 மார்க் 2-வின் 24 மெகாபிக்சல் அப்போது சுமார் 9 ஆகிவிடும்.

நிக்கானில் கொஞ்சம் கவனம் தேவை. பழைய லென்ஸை இஸட் மிரர்லெஸ் பாடியில் மாட்டும் எஃப்டிஇஸட் அடாப்டரில், உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் நன்றாக வேலை செய்யும். ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை, அடாப்டரிலும் இல்லை. அவற்றைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆசையாய் வைத்திருக்கும் 85 அல்லது 50 ஏஎஃப்-டி-யை நம்பி இஸட் பாடி வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாறுவதென்றால் ஃபுல் ஃபிரேமுக்குத்தான் மாற வேண்டுமா?

வேண்டியதில்லை. மண்டபத்துக்குள்ளும் கோயில் பிராகாரத்திலும் எடுப்பவருக்கு அது உதவும். எவ்வளவு என்பதை இரண்டாவது பதிலில் பார்த்தோம். பறவை எடுப்பவருக்குச் சிறிய சென்சாரே லாபம். கேனான் ஆர்7 32.5 மெகாபிக்சலைச் சின்னப் பரப்பில் நெருக்கி வைத்திருக்கிறது. அதே 400 எம்எம் லென்ஸில் நாரையின் மேல் அதிக பிக்சல்கள் விழும். அதை ஃபுல் ஃபிரேமில் பெற விலையுயர்ந்த, கனமான லென்ஸ் வேண்டும்.

என் கேமராவில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். கல்யாணத்துக்கு இது ஆபத்தா?

ஆபத்துதான். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. கார்டு கெட்டால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் பாடிக்கு மாறுவதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். நாய்ஸ், மெகாபிக்சல் எல்லாவற்றையும்விட இது வலுவான காரணம். மிரர்லெஸ் என்பதாலேயே இரண்டு கார்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இஸட்6, இஸட்7 மூன்றிலும் ஒரே கார்டுதான்.

பழைய பாடியை விற்காமல் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தின்போது பாடியே நின்றுவிட்டால் இரண்டு கார்டு இருந்தும் பயனில்லை.

புது மிரர்லெஸ்ஸில் சைலன்ட் ஷட்டர் போட்டால் படத்தில் கோடு கோடாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. மேடை எல்இடி சுவர்கள் அதைவிடப் பல மடங்கு வேகமாகத் துடிக்கும். வரிகள் வேறு வேறு கணத்தில் படிக்கப்படுவதால் சில வரிகள் இருட்டாகின்றன.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். குழல் விளக்கு என்றால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஆர்6 மார்க் 2 போன்ற சில பாடிகளில் எல்இடி-க்கு ஏற்ப ஷட்டர் வேகத்தை மிக நுணுக்கமாக மாற்றும் வசதி உண்டு. முழு சென்சாரையும் ஒரே கணத்தில் படிக்கும் முதல் ஃபுல் ஃபிரேம் கேமராவான சோனி ஏ9 மார்க் 3, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது; விலை மிக அதிகம். சைலன்ட் ஷட்டருக்காகவே புது பாடி வாங்க நினைப்பவர்கள், பெரும்பாலான பாடிகளில் அந்த நிலையில் ஃபிளாஷும் எரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஷட்டர் கவுண்ட் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள் விற்றுவிட வேண்டுமா?

ஷட்டர் கவுண்ட் என்பது ஷட்டர் இதுவரை இயங்கிய எண்ணிக்கை; நிறுவனங்கள் சொல்வது சோதனை அளவு. 80டி-க்கு ஒரு லட்சம், 5டி மார்க் 4-க்கும் டி750-க்கும் ஒன்றரை லட்சம், டி850-க்கு இரண்டு லட்சம். அதைத் தாண்டி ஓடுபவையும் உண்டு, முன்னதாக நிற்பவையும் உண்டு. ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கவுண்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சைதான் பெரிய எதிரி. டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே நூல் நூலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்து சென்சாரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எழுதிப் பாருங்கள்.

துபாயிலிருந்து மாமா வருகிறார். அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமா?

முதலில் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பாடிக்கான வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்த தொழில்முறைப் படக்காரர் என்றால் உள்ளூர் பில்தான் நல்லது. கேமராவுக்கான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள அந்த பில் வேண்டும்.

பாடி விலை தவிர வேறு என்ன செலவு வரும்?

5டி மார்க் 4-லிருந்து ஆர்6 மார்க் 2-க்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். பழையதில் ஒரு ஸ்லாட் சிஎஃப் கார்டுக்கானது. புதியதில் இரண்டும் எஸ்டி. சிஎஃப் கார்டுகள் பயனற்றுப் போகும், வேகமான யுஎச்எஸ்-2 கார்டுகள் வாங்க வேண்டும். அடாப்டர் வேண்டும். பழைய எல்பி-இ6என் பேட்டரிகள் புதியதிலும் வேலை செய்யும், அது ஒரு நிம்மதி. ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். நிறுவனக் கணக்குப்படி பழையது ஒரு சார்ஜில் சுமார் 900 படம். புதியது வியூஃபைண்டர் வழியே 320 முதல் 450 வரை. ஒரு முழு நாள் கல்யாணத்துக்குக் கூடுதல் பேட்டரிகள் கட்டாயம்.

ரா ஃபைலும் சிஆர்2-விலிருந்து சிஆர்3 ஆகிறது. பழைய லைட்ரூம் அதைத் திறக்காது. அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம். அதில் மாற்றிக்கொள்ளலாம், நேரம் மட்டும் கொஞ்சம் பிடிக்கும்.

இஎம்ஐ போட்டு வாங்கினால் வேலை அதிகமாக வரும் என்கிறார்களே?

இந்தப் பாடி இல்லாததால் கைநழுவிப்போன ஆர்டர் எது என்று ஒன்றையாவது சொல்ல முடிந்தால் யோசிக்கலாம். மணமக்கள் வீட்டார் உங்கள் ஆல்பத்தைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். கேமராவின் பெயரைக் கேட்பவர்கள் குறைவு. மாதத் தவணையோ கல்யாணமே இல்லாத ஆடி, மார்கழி மாதங்களிலும் வந்து நிற்கும்.

கடன் வாங்கும் முன் அந்தப் பாடியை ஒரு வேலைக்கு வாடகைக்கு எடுங்கள். பழையதையும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிலும் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் பதிலில் சொன்ன தாளை இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். புதியதன் தாளில் வரிகள் தெளிவாகக் குறைந்திருந்தால் வாங்குங்கள்.

எல்லாம் சரி, வாங்கிய மறுமாதமே அடுத்த மாடல் வந்துவிட்டால்? காத்திருக்கலாமா?

ஆர்6 2020-இல் வந்தது, மார்க் 2 2022-இல். சோனி ஏ7 மார்க் 3 2018-இல், மார்க் 4 2021-இல். இஸட்6 2018, இரண்டாவது 2020, மூன்றாவது 2024. எப்போது வாங்கினாலும் அடுத்தது எங்கோ தயாராகிக்கொண்டுதான் இருக்கும். புதியது அறிவிக்கப்பட்டதும் முந்தையதன் விலை வழக்கமாக இறங்கும். அவசரம் இல்லாதவர் அந்த நேரத்தில் முந்தைய மாடலை வாங்குவது நல்ல கணக்கு.

தேதி குறித்த வேலை கையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தை முகூர்த்தங்களுக்குத் தேவை என்றால் கார்த்திகையிலேயே வாங்குங்கள். மார்கழி முழுவதும் வீட்டுப் பிள்ளைகளை ஓடவிட்டு எடுத்து, பட்டன்களின் இடம் விரலுக்குப் பழகட்டும். முதல் முகூர்த்தத்துக்கு மெனுவைத் தேடிக்கொண்டு நிற்கும் நிலையில் போகக் கூடாது.